நாருக்குள் எதுவரை போனது?

"எலும்பை எக்ஸ்ரேயில் பார்க்கலாம், சரி. காகிதம் செய்யும் மரக்கூழை எக்ஸ்ரே எடுத்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சாதாரண எக்ஸ்ரேயில் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியவைக்க வழி இருக்கிறது.

எலும்பு பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் கால்சியம். அதன் அணு எண் 20. அணு எண் கூடக்கூட எக்ஸ்-கதிரை உறிஞ்சும் திறன் மளமளவென்று ஏறும். மரக்கூழின் முக்கியப் பொருளான செல்லுலோஸில் இருப்பதோ கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே. ஊசியிலை மரத்தின் நார் ஒன்று 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளமும் 20 முதல் 40 மைக்ரான் அகலமும் இருக்கும். நடுவே குழாய் போல வெற்றிடம், சுற்றிலும் சில மைக்ரான் சுவர். 9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கதிர் 5 மைக்ரான் சுவரைத் தாண்டும்போது அரை சதவீதம்கூடக் குறையாது. டிடெக்டரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, கதிரின் கட்ட மாற்றத்தை, அதாவது அதன் அலை சற்று முன்பின்னாக நகர்வதை, பதிவுசெய்தால் சுவரின் விளிம்புகள் கோடு போட்டது போலத் தெரியும். அதில் கிடைப்பது வடிவம். சுவருக்குள் என்ன வினை நடந்தது என்பது கிடைக்காது.

கார்பாக்சிமெத்திலேற்றத்தை எடுத்துக்கொள்வோம். பற்பசையைக் கெட்டிப்படுத்தும் சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) இந்த வினையில்தான் உருவாகிறது. கூழை ஆல்கஹாலில் ஊறவைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் சேர்த்து, பிறகு மோனோகுளோரோ அசெட்டிக் அமிலம் விட்டுச் சூடாக்க வேண்டும். செல்லுலோஸின் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் சிலவற்றில், நுனியில் கார்பாக்சில் (COOH) கொண்ட கார்பாக்சிமெத்தில் தொகுதி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு குளுக்கோஸ் அலகுக்குச் சராசரியாக எத்தனை ஒட்டின என்பதைப் பதிலீட்டு அளவு என்பார்கள். டைட்ரேஷனில் அளந்துவிடலாம். ஆனால் நாரின் மேற்பரப்பில் அளவுக்கு மீறி ஒட்டி உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் விடை 0.1 என்று வரலாம். சுவர் முழுக்கச் சீராகப் பரவியிருந்தாலும் அதே 0.1 வரலாம். முதல் வகை நார் தண்ணீரில் மேலே மட்டும் வழவழத்து, உள்ளே நாராகவே நிற்கும்.

இந்த இடத்தில்தான் செம்பு உதவிக்கு வருகிறது. கார்பாக்சில் தொகுதி எதிர்மின் ஏற்றம் கொண்டது. பக்கத்தில் ஒரு சோடியம் அயனியைப் பிடித்துவைத்திருக்கும். சோடியத்தை விரட்டிவிட்டுச் செம்பு அயனியை அங்கே உட்கார வைக்கலாம். செம்புக்கு இரட்டை ஏற்றம் என்பதால் இரண்டு கார்பாக்சிலுக்கு ஒரு செம்பு. பதிலீட்டு அளவு 0.1 என்றால் ஒரு கிராம் நாரில் ஏறத்தாழ 19 மில்லிகிராம் செம்பு ஏறும். இனி கார்பாக்சிலைத் தேட வேண்டாம், செம்பைத் தேடினால் போதும்.

8.98 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிய கதிர், செம்பு அணுவின் ஆக உள்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடும். காலியான இடத்துக்கு மேலிருந்து ஒன்று இறங்கும்போது 8.05 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ்-கதிர் ஒன்று வெளிவரலாம். இந்த எண் செம்பின் கைரேகை. செல்லுலோஸ் அந்த ஆற்றலில் வாயே திறக்காது. அரை சதவீதக் குறைவை வெளிச்ச வெள்ளத்தில் தேடுவதற்கும், இருட்டறையில் ஒற்றை விளக்கைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. மைக்ரானுக்கும் சிறிய புள்ளியாகக் குவித்த சின்க்ரோட்ரான் கதிரை (வட்டப்பாதையில் விரையும் எலக்ட்ரான்கள் தரும் மிகப் பிரகாசமான எக்ஸ்-கதிரை) நார்மீது வரிவரியாக நகர்த்தினால் செம்பின் வரைபடம் கிடைக்கும். நாரைச் சுழற்றிச் சுழற்றி எடுத்தால் முப்பரிமாணம். வெளிவரும் கதிர் 40 மைக்ரான் செல்லுலோஸைக் கடந்தாலும் சுமார் 5 சதவீதம்தான் இழக்கும். நாரின் அந்தப் பக்கத்துச் செம்பும் இந்தப் பக்கத்துச் செம்பும் ஏறக்குறைய ஒரே அளவில் எண்ணிக்கைக்கு வந்துவிடுகின்றன. இந்த ஆற்றலுள்ள கதிர், நாருக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள்!

கெட்டுப்போவது பெரும்பாலும் மாதிரி தயாரிப்பில். செம்பு சல்பேட் கரைசலின் பிஎச் 5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 6-ஐத் தாண்டினால் செம்பு ஹைட்ராக்சைடு நீலநிறப் படிவாக நாரின் மேல் விழும். படத்தில் அது 'மேற்பரப்பில் மட்டும் வினை நடந்தது' என்று பொய் சொல்லும். பிணையாத செம்பை அயனி நீக்கிய நீரில் கடத்துத்திறன் இறங்கும்வரை கழுவ வேண்டும். இல்லாவிட்டால் உலரும்போது அது தண்ணீரோடு நகர்ந்து நடுக்குழாயிலும் சுவரின் குழிகளிலும் சேர்ந்துவிடும். பித்தளை இடுக்கியும் பித்தளைத் தாங்கியும் பக்கத்திலேயே வரக்கூடாது. அவற்றின் செம்பும் அதே 8.05-இல்தான் பேசும். வினை செய்யாத கூழையும் இதேபோல் செம்பில் ஊறவைத்துப் படமெடுப்பது கட்டாயம். வெளுத்த கூழிலும் ஹெமிசெல்லுலோஸிலிருந்து (மரத்தில் செல்லுலோஸோடு சேர்ந்திருக்கும் இன்னொரு சர்க்கரைச் சங்கிலி) வந்த கார்பாக்சில் கொஞ்சம் இருக்கும், அதைக் கழிக்க வேண்டும். கதிர் மூலத்துக்குக் கோடிகளை ஒதுக்கும் திட்டங்கள், இந்தக் கழுவும் வேலையைச் செய்யும் வேதியியலாளருக்குச் சம்பளம் ஒதுக்கத் தயங்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கழுவல் பிசகினால் அந்தக் கோடிகளும் வீண்.

குறுக்குவெட்டில் செம்பு வெளி ஓரத்திலும் நடுக்குழாயின் ஓரத்திலும் அடர்ந்து, சுவரின் நடுவில் மெலிந்திருந்தால், வேதிப்பொருள் உள்ளே ஊடுருவும் முன்பே வினை முடிந்துவிட்டது என்று பொருள். வெளி ஓரம் மட்டும் ஒளிர்ந்தால் நடுக்குழாய்க்குள் வேதிப்பொருள் நுழையவே இல்லை. உலர்த்திய கூழில் சுவர் தட்டையாகிக் குழாய் மூடியிருக்கலாம். ஒரே முறையில் சேர்த்துத் தயாரித்த கூழில் சில நார்கள் சீராகவும் சில ஓரத்தில் மட்டும் ஒளிர்வதையும் பார்த்தால் சுவரின் தடிமனை அளந்து பாருங்கள். ஊடுருவும் நேரம் தடிமனின் இருமடியாகக் கூடும்: 2 மைக்ரான் சுவருக்கு ஆகும் நேரத்தைப்போல 5 மைக்ரான் சுவருக்கு ஆறு மடங்குக்கு மேல். வசந்தத்தில் வளர்ந்த மெல்லிய நார் முழுதாக மாறிவிட்டிருக்கும், கோடையின் இறுதியில் வளர்ந்த தடித்த நார் பாதியில் நிற்கும். அப்போது அமிலத்தைக் கூட்டிப் பயனில்லை. அமிலம் சேர்க்கும் முன் காரத்தில் ஊறும் நேரத்தை நீட்டி, அதே கூழை மறுபடி படமெடுத்துப் பார்க்க வேண்டும்.