சிஎஸ்ஆர் கொடுத்துவிட்டார்கள், வழக்கு பதிவாகிவிட்டதா?

அடி, மிரட்டல், பின்தொடர்ந்து வந்து தொல்லை என்று ஒரு பெண் ஸ்டேஷனுக்குப் போனால், தமிழ்நாட்டில் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது சிஎஸ்ஆர் (கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர்) ரசீதுதான். மனுவை வாங்கி, ஒரு நம்பர் போட்டு, சீல் வைத்துத் தருவார்கள். "விசாரிக்கிறோம், போயிட்டு வாங்கம்மா." மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். வழக்கு என்பது எஃப்ஐஆர், அதாவது முதல் தகவல் அறிக்கை. எந்தச் சட்டப் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவர் யார் என்றெல்லாம் அதில் இருக்கும். அது மாஜிஸ்திரேட்டுக்கும் போகும். சிஎஸ்ஆரோடு நின்ற புகார்கள் பல, ஸ்டேஷன் பெஞ்சிலேயே சமாதானம் பேசி முடிக்கப்படுகின்றன.

வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இன்னும் வெளிப்படையானது. "சம்பவம் எங்க எல்லையில நடக்கல" என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஜீரோ எஃப்ஐஆராகப் பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. பாலியல் குற்றம் என்றால் பாதிக்கப்பட்ட பெண் சொல்வதைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். ஆன்லைனில் புகார் அனுப்பியிருந்தால், அனுப்பியவர் மூன்று நாளுக்குள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம்; ஜெராக்ஸ் காசு கேட்டால்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு விலக்கு உண்டு. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். குடும்பத் தகராறுகளிலும் அப்படி விசாரிக்க உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்திருக்கிறது. கணவர் வீட்டுக் கொடுமைப் புகார்கள் மாதக்கணக்கில் "கவுன்சிலிங்" என்று இழுக்கப்படுவது இந்தச் சந்து வழியாகத்தான். 14 நாள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சரி, பதியவே மறுத்தால்? அதே புகாரை எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சென்னை போன்ற நகரங்களில் கமிஷனர் அலுவலகத்துக்கு. சிஎஸ்ஆர் இருந்தால் நகலைச் சேர்க்கவும், எந்தத் தேதியில் போனீர்கள் என்பதற்கு அது சாட்சி. அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாண வாக்குமூலத்தோடு (அஃபிடவிட்) மனு போடலாம். எஸ்பிக்கு அனுப்பிய தபால் ரசீது அங்கே தேவைப்படும், பத்திரம். பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு போன்ற புகார்களைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவில் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு கடுங்காவலும் அபராதமும் உண்டு. மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுவது நல்லது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், போனில் 15100. அவசரம் என்றால் 112, ஆலோசனைக்கு 181.