தொட்டால்தான் வளரும் நினைவகம்

லினக்ஸ் கணினியில் சி மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதுங்கள். நினைவகம் கேட்பதற்கான மேலாக் என்ற செயற்கூறு மூலம் 1 ஜிபி கேட்கட்டும். கேட்டதும் ஸ்லீப் போட்டு ஒரு நிமிடம் நிறுத்தி வையுங்கள். அதற்குள் இன்னொரு டெர்மினலில், ப்ராக் கோப்பகத்தில் அந்த ப்ராசஸுக்கான (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கான) ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். விஎம்சைஸ் என்ற வரி 1 ஜிபியைத் தாண்டி நிற்கும். விஎம்ஆர்எஸ்எஸ் என்ற வரியோ ஓரிரு எம்பியில் இருக்கும். முதல் எண், ப்ராசஸ் கேட்டு வாங்கிய முகவரிப் பரப்பு. இரண்டாவது, அதற்காக உண்மையிலேயே ராமில் ஒதுக்கப்பட்டிருக்கும் இடம். நான் முதன்முறை பார்த்தபோது ஏதோ கணக்குப் பிழை என்றே நினைத்தேன்.

பிழையில்லை. நிரல் கேட்டபோது, இயங்குதளத்தின் மையமான கெர்னல் செய்தது ஒரு பதிவு எழுதியது மட்டும்தான்: இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை இந்த ப்ராசஸுக்கு உரியது, படிக்கலாம், எழுதலாம். ராமிலிருந்து ஒரு பைட்கூட இன்னும் எடுத்துக் கொடுக்கவில்லை.

இப்போது நிரல் அந்தப் பரப்பில் ஒரே ஒரு பைட்டை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிபியுவில் உள்ள எம்எம்யூ என்ற பகுதி, அந்த முகவரி ராமில் எங்கே இருக்கிறது என்று பக்க அட்டவணையில் தேடுகிறது. நினைவகத்தைச் சம அளவுத் துண்டுகளாக, அதாவது பக்கங்களாகப் பிரித்து, எது ராமில் எங்கே என்று குறித்த அட்டவணை அது. அங்கே ஒன்றுமில்லை. உடனே சிபியு நிரலை அந்தக் கட்டளையிலேயே நிறுத்திவிட்டு, கட்டுப்பாட்டைக் கெர்னலிடம் ஒப்படைக்கிறது. இதற்குத்தான் பேஜ் ஃபால்ட் என்று பெயர். கெர்னல் தன் பதிவைப் புரட்டுகிறது. அந்த முகவரி எந்தப் பரப்பிலும் சேராதது என்றால், நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் முடிந்துபோகும். உரிய பரப்புதான் என்றால், ராமில் காலியாக இருக்கும் ஒரு பக்கத்தை எடுத்து, முழுக்கப் பூஜ்யங்களால் நிரப்பி, அட்டவணையில் குறித்து வைக்கிறது. பூஜ்யத்தால் நிரப்புவது வீண்வேலை இல்லை. சற்று முன்பு வேறொரு ப்ராசஸ் அதே பக்கத்தில் ஒரு கடவுச்சொல்லை வைத்திருந்திருக்கலாம். அப்புறம் நின்றுபோன கட்டளையே மீண்டும் ஓடும். நடுவில் இவ்வளவு நடந்தது நிரலுக்குத் தெரியவே தெரியாது.

ஒரு பக்கம் வழக்கமாக 4096 பைட். எழுதியது ஒரு பைட்தான், வளர்ந்தது 4 கேபி. 1 ஜிபி முழுவதையும் தொட்டு முடிக்க 2,62,144 பக்கங்கள் வேண்டும். பெரிய பக்கங்கள் இயக்கத்தில் உள்ள கணினியில் ஒரே தொடலில் 2 எம்பி வளர்வதும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது, எழுதாமல் படிக்க மட்டும் செய்யும்போது நடப்பதுதான். பூஜ்யங்கள் நிறைந்த ஒரே பக்கத்தைக் கெர்னல் எல்லா இடத்துக்கும் காட்டிவிடுகிறது. ஆயிரம் பக்கங்களைப் படித்தாலும் ராமில் இருப்பது அந்த ஒன்றுதான்.

இந்த ஏற்பாட்டின் அருமை தெரிய 1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் பார்க்க வேண்டும். பிடிபி-11 கணினியில் ஓடிய அதில், ஒரு ப்ராசஸின் தரவு ராமில் ஒட்டினாற்போல ஒரே துண்டாக இருந்தாக வேண்டும். அது கொஞ்சம் வளர வேண்டும் என்றால், பெரிய காலியிடம் தேடி மொத்தத்தையும் அங்கே நகலெடுக்க வேண்டும். இடமில்லாவிட்டால் ப்ராசஸையே வட்டுக்கு அனுப்பி, இடம் கிடைத்ததும் திரும்பக் கொண்டுவருவார்கள். பக்கங்களாகப் பிரித்த பிறகு, ராமில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் துண்டுகளும் நிரலுக்கு ஒரே நீளமாகத் தெரிகின்றன.

மேலாக் கெர்னலின் பகுதி இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அது நூலகத்தின் வேலை. லினக்ஸில் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சி, சின்னத் தேவைகளுக்கு பிஆர்கே என்ற கெர்னல் அழைப்பால், மேலாக் இடம் எடுக்கும் ஹீப் என்ற பரப்பின் எல்லையைத் தள்ளி வைக்கும். 64 பிட் கணினியில் முதல் தடவை அநேகமாக 132 கேபி. தேவை 128 கேபியை எட்டினால் எம்மேப் என்ற இன்னொரு அழைப்பின் மூலம் தனிப் பரப்பு வாங்கும். ஃப்ரீ செய்த சின்னத் துண்டுகளை நூலகம் பெரும்பாலும் கையிலேயே வைத்துக்கொள்ளும். "எல்லாவற்றையும் விடுவித்தேன், ப்ராசஸ் இளைக்கவே இல்லையே" என்ற புகாருக்குப் பல நேரம் காரணம் இதுதான். செயற்கூறுகளின் உள்மாறிகள் இருக்கும் ஸ்டாக்குக்கு இந்த அழைப்புகள் எதுவும் தேவையில்லை. எல்லைக்குக் கீழே தொட்டால் கெர்னலே நீட்டிவிடும், வழக்கமான வரம்பு 8 எம்பி.

சரி, எல்லா ப்ராசஸ்களும் ஒரே நேரத்தில் தொட்டால்? வாக்குக் கொடுத்த மொத்தம் ராமையும் ஸ்வாப்பையும் (ராமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய இடம்) மிஞ்சலாம், லினக்ஸ் அதை இயல்பாகவே அனுமதிக்கிறது. இதைப் பொறுப்பின்மை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 10 ஜிபி வைத்திருக்கும் ப்ராசஸ் ஒரு சின்னக் கட்டளையை ஓட்ட ஃபோர்க் செய்கிறது, அதாவது தன்னைப் போலவே இன்னொரு ப்ராசஸை உருவாக்குகிறது. பிறந்த பிள்ளை தாயின் பக்கங்களையே பகிர்ந்துகொள்ளும், யாராவது எழுதும் பக்கத்துக்கு மட்டும் நகல் பிறக்கும். ஒவ்வொரு வாக்குக்கும் இடம் கையில் இருந்தாக வேண்டும் என்றால், அந்தச் சின்னக் கட்டளைக்காக இன்னொரு 10 ஜிபி ஒதுக்கியாக வேண்டும். ஆனால் தரவுத்தளம் ஓடும் கணினிக்குக் கண்டிப்பான கணக்கே நல்லது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தின் ஆவணமும், அளவு மீறிய வாக்கைக் கெர்னல் மறுக்கும்படி ஓவர்கமிட் மெமரி அமைப்பை 2 என்று வைக்கும் வழியைச் சொல்கிறது.

இயல்பான அமைப்பில், மேலாக் முகவரி தந்துவிட்டது என்பதால் நினைவகம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பிறகு ஒரு பக்கத்தைத் தொடும்போது ராம் தீர்ந்திருந்தால், கெர்னல் முதலில் கோப்புகளுக்கான தற்காலிக நகல்களைக் கைவிடும், ஸ்வாப்புக்குப் பக்கங்களைத் தள்ளும். எதுவும் போதாதபோது, ஒரு ப்ராசஸைக் கொன்று இடத்தை மீட்கும் ஓஓஎம் கில்லர் வரும். அது பார்ப்பது கேட்ட அளவை இல்லை, ராமிலும் ஸ்வாப்பிலும் உண்மையில் பிடித்திருக்கும் இடத்தை. ஒரு ப்ராசஸின் ஓஓஎம் ஸ்கோர் அட்ஜ் மதிப்பை -1000 ஆக்கினால் அதைத் தொடாது. கொல்லப்பட்ட ப்ராசஸ் தன் லாகில் ஒரு வரிகூட எழுத முடியாது. காரணம் தேடுபவர் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் பார்க்க வேண்டும். அங்கே டோட்டல்-விஎம் (கேட்ட பரப்பு), அனான்-ஆர்எஸ்எஸ் (ராமில் பிடித்திருந்தது) என்று இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதல் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை விடுங்கள், இரண்டாவதைப் படியுங்கள்.