மச்சுக்கு மேலே நடக்கும் துரை

ஏற்காட்டில் ஒரு பழைய பங்களா விடுதியில் தங்கிவந்த வாசகர் கேட்கிறார்: “காணாமல்போன துரை ராத்திரி மச்சில் நடப்பார் என்றார்கள். சிரித்தேன். ஏழு மணிக்குமேல் நிஜமாகவே காலடி கேட்டது. என்ன அது?”

கூரைத் தகரம்.

சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும், பள்ளிப் பாடம். 3 மீட்டர் நெளித்தகரம் வெயிலில் 50 டிகிரிக்கு ஏறி, இரவில் 15க்கு இறங்கினால் ஒன்றேகால் மில்லிமீட்டர் குறையும். அடியிலுள்ள மரம் அவ்வளவு சுருங்காது. நடுவில் மாட்டிக்கொள்வது ஆணி.

80 செ.மீ. அகலம், அரை மி.மீ. கனமுள்ள தகரத்தைச் சுருங்கவிடாமல் பிடித்தால், ஒரு டிகிரி குளிர்வதற்கே ஏறக்குறைய 100 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு உண்டாகும். முதலில் உராய்வு தாங்கும். இழுப்பு மிஞ்சியதும் ‘டக்’கென்று விடும். நகரத் தொடங்கிய பொருளுக்கு உராய்வு குறைவு; அதனால் மயிரிழை தூரம் ஓடி மறுபடி பிடிக்கும். தகரம் நடுவை நோக்கிச் சுருங்குவதால் ஓரத்து ரீப்பரில் (தகரத்தைத் தாங்கும் மரச்சட்டம்) முதல் நழுவல், அப்புறம் அடுத்ததில். ரீப்பர் இடைவெளி இரண்டரை, மூன்றடி என்றால் ஆள் எட்டுவைக்கும் தூரம்! டக்... டக்... பலகை மச்சு அதை முரசாக்கிவிடும்.

மேகமில்லாத இரவில் தகரம் வானத்துக்கு வெப்பத்தை உமிழ்ந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். நாள் முழுக்கப் பனிமூட்டம் என்றால் பகலில் சூடும் இல்லை, இரவில் உமிழ்வும் குறைவு. சினிமாப் பேய்க்குப் பனி வேண்டும். ஏற்காட்டுத் துரைக்கோ பனி ஆகாது. காலையில் வெயில் ஏறும்போதும் நடப்பார், பாத்திரச் சத்தத்தில் யார் கவனிக்கிறார்கள்?

இதற்காகப் ‘பேய் மீட்டர்’ வாங்குகிறார்கள். அது காட்டுவது சுவருக்குள் ஓடும் கரண்டு கம்பியின் காந்தப்புலத்தை. ஆள் காணாமல்போனது போலீஸ் துப்புத் துலக்க வேண்டிய வழக்கு. அதை விடுதி விளம்பரமாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

சத்தத்தை நிறுத்த ஆணியைப் பிடுங்கி, கொக்கிபோல் வளைந்த ஜே போல்ட் போடுங்கள். துளை போல்ட்டைவிட 2, 3 மி.மீ. பெரிதாக, நெளியின் மேட்டில் இருக்கட்டும்; பள்ளத்தில் போட்டால் மழை ஒழுகும். ரப்பர் வாஷர் கட்டாயம். முறுக்கி இறுக்கினால் துரை திரும்பிவிடுவார். அதன்பிறகும் தாறுமாறாக ஓட்டம் கேட்டால் மரநாயாக இருக்கும். காப்பித் தோட்டத்துப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை.