பூஸ்ட் மீட்டர் பிறகு வரட்டும், முதலில் ஆயில் பிரஷர்

சென்ற மாதம் ஒரு டர்போ பெட்ரோல் கார் கயிறு கட்டி இழுக்கப்பட்டு என் பட்டறைக்கு வந்தது. கண்ணாடியை ஒட்டிய தூணில், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பளபளக்கும் பூஸ்ட் மீட்டர். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் செம்பு நிறத் துகள்கள் மினுமினுத்தன. ஒரு கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்து, இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கைக் கடித்திருந்தது. “ஆயில் பிரஷர் சிவப்பு விளக்கு எரிந்ததுமே நிறுத்திவிட்டேனே அண்ணா” என்றார் வண்டிக்காரத் தம்பி. அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த விளக்கை நம்பியதில்தான் எல்லாம் போயிற்று.

கம்பெனி பொருத்தும் அந்த விளக்கு ஒரு சுவிட்ச் மட்டுமே. பெரும்பாலான கார்களில் ஆயில் அழுத்தம் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு) அளவுக்கோ அதற்கும் கீழோ விழுந்த பிறகே அது எரியும். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. ஆறாயிரத்தில் ஓடும் இன்ஜினுக்கு அறுபது தேவைப்படும்போது, இருபதுக்கு இறங்கினாலும் விளக்கு வாய் திறக்காது. கோவை செட்டிபாளையத்தில் உள்ள ‘கரி’ கார் பந்தய டிராக்கில், நல்ல பிடிப்புள்ள டயர் போட்டு வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆயில், பேனின் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். அந்த இரண்டு வினாடியைக் காட்ட முள்ளோடு கூடிய மீட்டர் வேண்டும். அழுத்தம் குறைந்தால் கூவும் அலாரமும், மிகக் குறைந்த அளவை நினைவில் வைக்கும் வசதியும் இருந்தால் நல்லது. ஓட்டுபவரின் கண் அந்த நேரம் சாலையில்தானே இருக்கும்?

வெப்பமானியும் இப்படித்தான். பல கார்களில் கூலன்ட் எண்பது டிகிரியில் இருந்தாலும் நூறில் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி கம்பெனியே அமைத்துவிடுகிறது. அது நகரத் தொடங்கும்போது இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் ஆபத்தில் இருக்கும்.

பெட்ரோல் டர்போவுக்கு அடுத்துத் தேவை, காற்றும் பெட்ரோலும் கலந்த விகிதத்தைப் புகையிலிருந்து அளந்து காட்டும் வைட்பேண்ட் மீட்டர். பல கார்களில் கம்பெனி கொடுக்கும் சாதாரண ஆக்சிஜன் சென்சார், கலவை சரியான அளவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டுமே சொல்லும். முழு பூஸ்டில் எவ்வளவு என்று சொல்லாது. மீட்டரை லாம்டா அளவில், அதாவது முழுதாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவில், வைத்துப் படிக்கப் பழகுங்கள். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது எத்தனால் கலக்காத பெட்ரோலின் கணக்கு. இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு அது ஏறக்குறைய 13.5. லாம்டாவில் இரண்டுக்குமே முழுதாக எரியத் தேவையான அளவு 1.0தான், குழப்பமே இல்லை. டீசல் வண்டிக்கு இதைவிடப் புகை வெப்பமானி முக்கியம். டீசலில் எரிபொருள் கூடக் கூட வெப்பம் ஏறும். அதன் சென்சாரை டர்போவுக்கு முன்னால், புகை வெளியேறும் மேனிஃபோல்டில் வையுங்கள். பின்னால் வைத்தால் நூறு டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டி ஏமாற்றிவிடும்.

மீட்டரின் பிராண்டைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிறவர்கள், சென்சாரை எங்கே பொருத்துவது என்று கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் வருத்தம். கனமான ஆயில் சென்சாரை ‘T’ வடிவப் பித்தளை இணைப்பில் மாட்டி நேராக இன்ஜின் பிளாக்கில் திருகாதீர்கள். அதிர்வில் பித்தளை சோர்ந்து, ஒரு நாள் கழுத்தோடு முறியும். முழு ஆயிலும் சாலையில் கொட்டும். பின்னல் உறை போட்ட ஹோஸ் ஒன்றை இழுத்து, சென்சாரை பாடியில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். மரையையும் பாருங்கள்: எட்டில் ஒரு அங்குல அமெரிக்க அளவான என்பிடி மரையில் அங்குலத்துக்கு 27 சுற்று, பிரிட்டிஷ் அளவான பிஎஸ்பியில் 28. கையால் திருகினால் இரண்டும் ஏறுவதுபோலவே இருக்கும். இறுக்கினால் கசியும், அல்லது பிளாக்கின் மரையே போய்விடும். ஒற்றை வயர் சென்சார் உடம்பு வழியாகவே எர்த் எடுக்கும். அதற்கு, மின்சாரத்தைக் கடத்தாத டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றிவிட்டு, மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரேடியேட்டர் ஹோஸில் பொருத்தும் கூலன்ட் சென்சாருக்கு இன்னொரு ஆபத்து உண்டு. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் போய்விட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் கீழே இறங்கும். ஆகவே திடீரென்று இறங்கும் முள்ளையும் ஏறும் முள்ளைப் போலவே எண்ணி வண்டியை நிறுத்துங்கள்.

காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி போனில் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். கூலன்ட் வெப்பம், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டின் அழுத்தம் வரை சரி. ஆயில் பிரஷர் பெரும்பாலான கார்களில் அதில் வருவதே இல்லை.

அந்தத் தம்பியின் இன்ஜினைப் புதிதாகக் கட்டி, ஆயில் பிரஷர், ஆயில் வெப்பம் இரண்டுக்கும் மீட்டர் வைத்தோம். காலையில் ஸ்டார்ட் செய்தபோது முள் எண்பது பிஎஸ்ஐயைத் தொட்டது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து ஐடிலில் நிறுத்தினால் இருபது. அவர் முகம் வாடிவிட்டது. ஆயில் வெப்பம் நூறு டிகிரியில் இருந்ததைக் காட்டினேன். சூட்டில் ஆயில் இளகினால் அழுத்தம் இறங்கத்தான் செய்யும். “நூறு டிகிரி, ஐடில், இருபது” என்று சர்வீஸ் புத்தகத்தின் உள் அட்டையில் எழுதிக்கொண்டார். அடுத்த ஆயில் மாற்றத்துக்கு வரும்போது அதே சூட்டில் மறுபடி பார்த்து, அதன் கீழே எழுதுவதாக ஏற்பாடு.