மருந்து வைப்பதற்கு முன் புழுக்கையைப் பாருங்கள்

எலித் தொல்லை என்று கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த மருந்து நல்லா வேலை செய்யும்?" என்றுதான். "புழுக்கை எங்கே கிடக்கிறது, எவ்வளவு பெரிசு?" என்று நான் திருப்பிக் கேட்டால் சிலருக்கு எரிச்சல் வரும். ஆனால் வந்திருப்பது எந்த எலி என்று தெரியாமல் வைத்தால், பொறியும் மருந்தும் அது நடமாடாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

உலகம் முழுக்க மனிதரை ஒட்டிப் பிழைப்பவை முக்கியமாக மூன்று. சாக்கடை எலிக்குத் தடித்த உடம்பு, மழுங்கிய மூக்கு, சின்னக் காது. வால் உடம்பைவிடக் குட்டை. வளை தோண்டும், கழிவுநீர்க் குழாய்க்குள் நீந்தியும் வரும். கூரை எலி ஒல்லி. காது பெரிது, வால் உடம்பைவிட நீளம். பரண், ஃபால்ஸ் சீலிங், கேபிள் ஒயர் எல்லாம் அதன் பாதை. மூன்றாவது சுண்டெலி, எடை 15 முதல் 25 கிராம். எலிக்குஞ்சைப் பார்த்து சுண்டெலி என்று நினைப்பது சகஜம். உடம்புக்குப் பொருந்தாமல் தலையும் பின்னங்காலும் பெரிதாக இருந்தால் அது எலிக்குஞ்சு. அதன் அம்மாவும் பக்கத்தில் எங்கோ இருக்கிறது.

நீண்டு கூர்ந்த மூக்கோடு கீச் கீச்சென்று சுவரோரம் ஓடும் மூஞ்சூறு எலி இனமே இல்லை. அது பூச்சி தின்னி. அதற்கு எலி மருந்து வைக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்துவிட்டால் போதும்.

எலி கண்ணில் படுவது அபூர்வம், புழுக்கை கட்டாயம் படும். சாக்கடை எலியுடையது 2 செ.மீ. வரை, முனைகள் மழுங்கியிருக்கும். கூரை எலியுடையது சுமார் 1.2 செ.மீ., முனை கூர். சுண்டெலியுடையது 3 முதல் 6 மி.மீ. புதிது ஈரமாகப் பளபளக்கும். பழசைக் குச்சியால் தொட்டால் பொடியும். சந்தேகமாக இருந்தால் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டு, அந்த இடத்தில் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவி வையுங்கள். காலையில் கால் தடமும் வால் இழுத்த கோடும் தெரிந்தால் விருந்தாளி இன்னும் போகவில்லை.

அப்புறம் கறை. எலி தினமும் ஒரே தடத்தில், சுவரை உரசிக்கொண்டே ஓடும். உடம்பின் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து அங்கே கருப்பாகப் படியும். சமையலறை சிங்க்கின் அடியில் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். அங்கே குழாயைச் சுற்றி ஒரு வட்டத் தகடு அழகாக உட்கார்ந்திருக்கும். அதை நகர்த்தினால், குழாய்க்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் வழவழவென்று கருப்புக் கறை, அதில் ஒட்டிய ஓரிரு முடி. நான் பார்த்த வீடுகளில் வாசல் கதவைவிட இந்த ஓட்டை வழியாக வந்த எலிகளே அதிகம்.

பென்சில் நுழையும் இடைவெளி, அதாவது சுமார் 6 மி.மீ., சுண்டெலிக்குப் போதும். பெரிய எலிக்கு 2 செ.மீ. இருந்தால் சரி. துணி, பேப்பர், தெர்மோகோல், ஸ்ப்ரே ஃபோம் எதுவும் நிற்காது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் அது கொறித்தே ஆக வேண்டும். எஃகு கம்பி வலையைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். காற்றுத் துவாரங்களுக்கு 6 மி.மீ.க்கும் குறைவான கண் உள்ள உலோக வலை, கதவடி இடுக்குக்குத் தகரப் பட்டை. தரைத் துவாரங்களுக்கு உறுதியான மூடி. கூரை எலி என்றால் மரக்கிளையைக் கூரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வெட்டுங்கள். ஆனால் உள்ளே எலி இருக்கும்போதே எல்லா வழியையும் அடைத்துவிட்டால் அது சுவருக்குள் செத்து நாறும். பிடிக்கும் வேலையும் அடைக்கும் வேலையும் கூடவே நடக்க வேண்டும்.

கடை, ஹோட்டல், கிடங்கு நடத்துபவர்களுக்கு ஒரு கூடுதல் வழி இருக்கிறது: சரக்கு. சுண்டெலி பெரும்பாலும் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து லாரியிலேயே வந்து இறங்கும். பெட்டியை உள்ளே கொண்டுபோகும் முன் வாசலிலேயே திறந்து பாருங்கள். அடுக்குகளைச் சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து 15 செ.மீ. உயர்த்தி வைத்தால் டார்ச் அடித்துப் பார்க்க இடம் கிடைக்கும். இதற்கு முதலாளிகள் "இடம் வீணாகுதே" என்பார்கள். கொறித்த மூட்டைகளைத் தூக்கிப்போடும் நாளில் அந்தக் கணக்கு மாறும்.

பொறி வைப்பதிலும் ஆள் பார்த்துத்தான் நடக்க வேண்டும். சாக்கடை எலியும் கூரை எலியும் புதுப் பொருளைக் கண்டால் சில நாள் கிட்டவே வராது. அதனால் பொறியை இழுத்து மாட்டாமல் இரை மட்டும் வைத்துப் பழக்குங்கள். தின்ன ஆரம்பித்த பிறகு மாட்டுங்கள். சுண்டெலிக்கு ஆர்வம் அதிகம், முதல் ராத்திரியே வந்து பார்க்கும். ஆனால் அது சில மீட்டருக்கு மேல் சுற்றாது, ஆகவே பொறிகள் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில், நிறைய வேண்டும். பொறியின் இரை முனை சுவரைத் தொட்டபடி இருக்கட்டும். பசை அட்டை எனக்குப் பிடிக்காது. மாட்டிய பிராணி மணிக்கணக்கில் துடிக்கும், பல்லியும் குருவியும்கூட மாட்டும். காதுக்குக் கேட்காத சத்தம் எழுப்பும் கருவிகளும் காசுக்குக் கேடு. எலி சீக்கிரமே அதற்குப் பழகிவிடும்.

மருந்தைக் கடைசியாகத்தான் யோசிப்பேன், அதுவும் பூட்டிய இரைப் பெட்டிக்குள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்துகளுக்கு வைட்டமின் கே1 எதிர்மருந்தாக இருக்கிறது. மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கும் ஜிங்க் பாஸ்பைடுக்கும் எதிர்மருந்தே கிடையாது. பாஸ்பரஸ் பசையைத் தின்ற குழந்தை முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், பிறகு கல்லீரல் செயலிழக்கும். குழந்தை உள்ள வீட்டில் அதைத் தொடவே வேண்டாம். எந்த எலி மருந்தானாலும் வாயில் பட்டது தெரிந்தால், அறிகுறிக்குக் காத்திருக்காமல் உறையோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் பூனையும் சாவதும் உண்டு.

எலி போன பிறகு புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசியோடு கிருமியும் மூக்குக்குள் போகும். ஜன்னலைத் திறந்துவிட்டுக் கையுறை போட்டு, ஒரு பங்கு திரவ ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதன் மேல் தெளியுங்கள். ஐந்து நிமிடம் ஊறியதும் பேப்பரால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோ கடும் உடல் வலியோ வந்தால், எலி மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். வீட்டில் எலி இருந்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.