பதினைந்தாவது ஆளைச் சேர்ப்பதற்கு முன்

இலங்கையின் கிழக்கில், கல்முனை பிரதான வீதியில் ஒரு புடைவைக்கடை என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேரோடு தொடங்கிய கடை, இன்றைக்கு 14 பேர் வேலை செய்கிறார்கள். மேல்மாடி வெறுமையாகக் கிடக்கிறது. சிறுவர் உடுப்புக்கென்று தனிப் பகுதி திறந்தால் ஓடும் என்று முதலாளிக்கே தெரியும். ஆனாலும் ஆள் எடுக்கமாட்டார். கேட்டால், "பதினைஞ்சு பேர் ஆனா லேபர் சட்டமெல்லாம் வந்திடும்" என்பார்.

மட்டக்களப்பு, காத்தான்குடி, அக்கரைப்பற்று என்று எங்கே போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். இதில் பாதி உண்மை, பாதி பிழை. பிழையான பாதிதான் ஆபத்தானது என்பதால் அதிலிருந்து தொடங்குவோம்.

லேபர் சட்டம் பதினைந்தாவது ஆளோடு வருவதில்லை. அதில் பெரும்பகுதி முதல் ஆளோடே வந்துவிடுகிறது. ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியம், அதாவது ஈ.பி.எவ்., 1958ஆம் ஆண்டுச் சட்டம். கடையில் ஒரேயொருவர் சம்பளத்துக்கு வேலை செய்தாலும் பொருந்தும். ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளியின் கையிலிருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியமான ஈ.ரி.எவ்.வுக்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்டவேண்டும், ஊழியரிடம் ஒரு சதமும் வெட்டக்கூடாது. மாதச் சம்பளம் 40,000 ரூபா என்றால் ஊழியரின் பங்கு 3,200. முதலாளி ஈ.பி.எவ்.வுக்கு 4,800, ஈ.ரி.எவ்.வுக்கு 1,200, ஆக 6,000 கட்டவேண்டும்.

"மூன்று மாதம் ஆளைப் பார்த்துவிட்டு ஈ.பி.எவ். போடுவோம்" என்பது ஊரில் நிலைத்துவிட்ட பழக்கம். சட்டத்தில் அப்படி ஒரு சலுகை இல்லை. பயிற்சிக் காலம், தற்காலிகம், நாட்சம்பளம் எதுவானாலும் சேர்ந்த நாளிலிருந்து கணக்கு ஓடுகிறது. மருதமுனையில் நெசவுக்கு, துண்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தாலும், விற்பனைக்குக் கமிஷன் கொடுத்தாலும் அதுவும் கணக்கில் சேரும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: முதலாளி சாப்பாடு கொடுத்தால் அதன் பெறுமதியும் ஈ.பி.எவ். கணக்குக்கான சம்பளத்தில் அடங்கும். மேலதிக நேர வேலைக்கான ஓ.ரி. பணம் மட்டும் சேராது. ஒவ்வொரு மாதக் காசையும் அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டிவிடவேண்டும். தவறினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம் வரை போகும். வங்கிக் கடனுக்குக்கூட இவ்வளவு வட்டி இல்லை.

தேசிய குறைந்தபட்ச சம்பளமும் ஆள் எண்ணிக்கை பார்ப்பதில்லை. 2025 ஏப்ரலில் அது மாதம் 27,000 ரூபாவானது, 2026 ஜனவரி முதல் 30,000.

சரி, பதினைந்தில் என்னதான் மாறுகிறது? இரண்டு விடயங்கள்.

முதலாவது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் தொழில்தருநர், அதாவது முதலாளி, ஐந்து வருடம் பூர்த்தி செய்த ஊழியர் போகும்போது சேவையாற்றிய ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்கவேண்டும். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். அவர் தானாக விலகினாலும், ஓய்வு பெற்றாலும், இறந்துபோனாலும் இது உண்டு. 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும், பிந்தினால் 10 முதல் 30 வீதம் வரை கூடும். மோசடி, களவு, வேண்டுமென்றே சொத்துச் சேதம் போன்ற காரணத்துக்காக நிறுத்தப்பட்டால் மட்டும், ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கு அதில் வெட்டலாம். கோபத்தில் வேலையை விட்டுப் போனார் என்பதற்காக வெட்ட முடியாது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கவேண்டும். ஊழியர் வேலையை விட்ட நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் "ஏதாவது ஒரு நாளில்" 15 பேர் இருந்திருந்தால் போதும். நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்கோ, தீபாவளிக்கோ, சித்திரைப் புத்தாண்டுக்கோ இரண்டு கிழமைக்கு மூன்று பிள்ளைகளைக் கூடுதலாக எடுத்திருப்பார்கள். அந்த இரண்டு கிழமையே போதும். 14இல் நிறுத்திவைத்திருக்கிறோம் என்று நினைத்திருந்த நம் கல்முனை முதலாளி, ஒவ்வொரு பெருநாளுக்கும் தனக்குத் தெரியாமலே கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்.

சிலர் ஒரே கடையை இரண்டு பெயர்ப்பலகையில் நடத்துவதும் உண்டு. கீழ்மாடி ஒரு பெயர், மேல்மாடி இன்னொரு பெயர். இதில் எனக்கு நம்பிக்கையில்லை. சட்டம் எண்ணுவது கடைகளை அல்ல, ஒரு தொழில்தருநரிடம் உள்ள ஆட்களை. சம்பளம் யார் கொடுக்கிறார், வேலை யார் சொல்கிறார், ஒரே ஆள் இரண்டு மாடியிலும் மாறி மாறி நிற்கிறாரா என்ற கேள்விகள் வரும்போது பெயர்ப்பலகை காப்பாற்றாது.

அப்படியே 14இல் நின்றாலும் பொறுப்பு பூச்சியமாகிவிடாது. 15க்குக் குறைந்த இடத்தில் வேலை செய்தவரும் தொழில் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போய்ப் பணிக்கொடை கேட்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது.

இரண்டாவது மாற்றம், ஆளை நிறுத்துவது பற்றியது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இது. முந்தைய ஆறு மாதச் சராசரியில் 15 பேர் இருந்தால், ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். 180 நாள் வேலை செய்தவர்களுக்கே இந்தப் பாதுகாப்பு. வியாபாரம் குறைந்தது என்று ஆளைக் குறைக்க நினைத்தால் நட்டஈடு கணக்கிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். முதலாளிமார் இதற்குத்தான் உள்ளூரப் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. வெள்ளம் வந்து, கடை மாதக்கணக்கில் படுத்துப்போவதை நம் மாவட்டங்கள் அடிக்கடி பார்த்திருக்கின்றன. ஆகவே எடுக்கும்போதே யோசித்து எடுக்கவேண்டும், நியமனக் கடிதத்தில் வேலையையும் காலத்தையும் தெளிவாக எழுதவேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 40,000 ரூபாச் சம்பளத்துக்குப் பணிக்கொடை வருடத்துக்கு 20,000. மாதத்துக்குப் பிரித்தால் 1,667 ரூபா. ஈ.பி.எவ்., ஈ.ரி.எவ். 6,000ஐயும் சேர்த்தால் ஓர் ஊழியருக்கு மாதம் 47,667 ரூபா. சம்பளத்துக்கு மேல் ஏறக்குறைய 19 வீதம். சம்பளம் பேசும்போதே இந்த 19ஐயும் மனதில் போட்டுக்கொண்டால் பயம் பாதி இறங்கும்.

ஆனால் பழைய 14 பேரின் கணக்கு வேறு. அவர்கள் ஒவ்வொருவரும் ஆறு வருடம் வேலை செய்திருந்தால் ஆளுக்கு 1,20,000, மொத்தம் 16,80,000 ரூபா. பதினைந்தாவது ஆள் உள்ளே வரும்போது இந்தத் தொகையும் கூடவே உள்ளே வருகிறது. எல்லோரும் ஒரே நாளில் போகப்போவதில்லை என்பது வாஸ்தவம். என்றாலும் இன்னொன்று இருக்கிறது. பணிக்கொடையைக் கணக்கிடுவது கடைசியாக வாங்கிய சம்பளத்தில். 40,000 சம்பளம் 60,000 ஆனால், பழைய ஆறு வருடமும் சேர்ந்து 60,000க்கு ஏறிவிடும். அதனால் ஒரு தனி வங்கிக் கணக்கு திறந்து மாதாமாதம் போட்டுவருவதும், சம்பளம் கூட்டும்போதெல்லாம் அதை மீண்டும் பார்ப்பதும் கடைக்கு நல்லது. கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு மறந்துபோகிற வேலை இல்லை இது.

பணத்துக்கு அடுத்தபடி நேரமும் ஓய்வும். என் அனுபவத்தில் நல்ல விற்பனைப் பிள்ளைகள் அடுத்த கடைக்கோ வெளிநாட்டுக்கோ போவதற்குச் சம்பளத்தை விட இதுவே பெரிய காரணம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஆள் எண்ணிக்கை பார்க்காது. நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு, அதுவும் கிழமைக்கு 12 மணிக்கு மேல் கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு விடுமுறை. போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளில் வேலை வாங்கினால் ஒன்றரை நாள் சம்பளம்.

வருட லீவு 14 நாள். சேர்ந்த வருடத்தில் அது கிடையாது, அடுத்த வருடத்திலிருந்து, சேர்ந்த மாதத்தைப் பொறுத்து 14, 10, 7, 4 என்று கணக்கு. அமைய லீவு, அதாவது கெஷுவல் லீவு, 7 நாள், முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள். காய்ச்சலுக்கென்று இந்தச் சட்டத்தில் தனி லீவு இல்லை, இந்த ஏழிலேயே எடுக்கவேண்டும். டெங்குக் காலத்தில் ஒருவர் பத்து நாள் படுத்துவிட்டால் ஏழு போதாது. மூன்று நாள் கூட்டிக் கொடுப்பது சட்டத்தில் இல்லாத, முதலாளியின் மனதில் உள்ள விடயம். அரிசி மில், பேக்கரி போன்ற தொழில்களுக்கு, அந்தந்தத் தொழிலின் சம்பளத்தை முடிவு செய்யும் சம்பளச் சபைகளின் தீர்மானம் வேறு, அங்கே லீவுக் கணக்கும் கொஞ்சம் மாறும். மில் வைத்திருப்பவர்கள் தங்கள் சபையின் தீர்மானத்தைக் கேட்டு வாங்கி வைத்திருப்பது நல்லது.

கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு மகப்பேற்று லீவு 84 வேலை நாள், பிரசவத்துக்கு முன் 14, பின் 70. விடுமுறை நாட்கள் இதற்குள் எண்ணப்படாது. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்பது முக்கியமில்லை. சம்பளம் முதலாளியுடையது. திரும்பி வந்த பிறகு, பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை நாளுக்கு இரண்டு முறை பால் கொடுக்க நேரம் விடவேண்டும். கடையில் பிள்ளை வைக்க இடமில்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். கல்யாணமான பிள்ளைகளை எடுக்கமாட்டோம் என்று சிலர் சொல்வது இந்தச் செலவுக்குப் பயந்துதான். ஆனால் ஐந்து வருடம் வாடிக்கையாளரின் அளவும் விருப்பமும் அறிந்த ஒருவரை இழந்து, புதியவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக்குவதற்கு ஆகும் செலவை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

2022 முதல், வேலைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் நடக்கும் விபத்து தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்துக்குள் வருகிறது. உச்சத் தொகை 20 இலட்சம் ரூபா. நிந்தவூரிலிருந்தும் காரைதீவிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளைகளை வைத்திருப்பவர், இதற்கென்று ஒரு காப்புறுதி எடுத்துவிடுவது புத்தி. பிரீமியம் கட்டுவது பெரிய விடயமல்ல, ஒரு விபத்தில் 20 இலட்சம் கட்டுவதுதான் பெரியது.

இருக்கை பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2021இல், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று சட்டத்தையே திருத்தினார்கள். காலை எட்டரையிலிருந்து கால் வீங்க நிற்கும் பிள்ளைக்கு ஒரு ஸ்டூல் வாங்கிக் கொடுக்க யாரும் வந்து சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆளை எடுப்பதென்று முடிவானால் நம் முதலாளி செய்யவேண்டியது இவ்வளவுதான். இதுவரை ஈ.பி.எவ். பதிவு செய்யாமல் இருந்தால் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை தொழில் அலுவலகங்களில் பக்கத்தில் உள்ளதற்குப் போய், முதலாளியைப் பதிவதற்கான 'டி' படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். வியாபாரப் பதிவு, ஆட்களின் அடையாள அட்டை இலக்கம், சேர்ந்த திகதி, சம்பளம், இவை கையில் இருக்கட்டும். பழைய ஆட்களுக்கு விடுபட்ட மாதங்கள் இருந்தால் அதையும் அங்கேயே வாய்விட்டுச் சொல்வது நல்லது. ஊழியர் ஒருவர் முறைப்பாடு கொடுத்து அவர்கள் கடைக்கு வரும் நாளில் அதே மாதங்கள் மேலதிகக் கட்டணத்தோடு வரும்.