தந்திரோபாயப் பின்வாங்கல் என்பது தவறு

இரண்டாம் உலகப் போரின் பசிபிக் களத்தை வைத்த பலகை விளையாட்டுகளைத் தமிழில் விளக்குபவர்கள் ‘ஸ்ட்ராட்டஜிக் ரிட்ரீட்’ வந்தாலே ‘தந்திரோபாயப் பின்வாங்கல்’ என்கிறார்கள். செய்தி மொழிபெயர்ப்பிலும் இதே கதைதான். பொருளையே தலைகீழாக்கும் பிழை இது.

‘ரிட்ரீட்’ என்பது பின்னால் இழுத்தல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். நம் ‘வாங்கு’க்கும் இழுத்தல், வளைத்தல் என்ற பழம்பொருள் உண்டு, வில் வாங்குதல் அப்படி வந்ததுதான். ஆகவே ‘பின்வாங்கல்’ அச்சாகப் பொருந்துகிறது. புறமுதுகிடுதல் வேறு, அது தோற்று ஓடுவது.

சரி, சிக்கல் முன்னால் ஒட்டும் சொல்லில்தான். இலங்கைத் தமிழில் ‘ஸ்ட்ராட்டஜி’க்கு மூலோபாயம், ‘டாக்டிக்ஸ்’க்குத் தந்திரோபாயம் என்று பிரித்தே வழங்குகிறார்கள். முன்னது முழுப் போரையும் பற்றியது, பின்னது ஒரு சண்டைக்குள் அடங்குவது. இரண்டையும் குழப்பினால் ஆட்டமே புரியாது. இரண்டாம் உலகப் போரைப் பலகையில் ஆடும் ‘ஆக்சிஸ் அண்ட் அலைஸ்’ வரிசை ஆட்டங்களில் தாக்குபவர் ஒரு சுற்றுப் பகடை உருட்டிய பின் விலகலாம். கடலிலிருந்து கரையேறிய தரைப்படைக்கு அந்த வழியும் கிடையாது. அப்படிச் சண்டை நடுவே விலகுவது களத்துக்குள் நடக்கும் பின்வாங்கல். தீவைத் தற்காக்கும் தரைப்படைக்கோ சண்டை தொடங்கிவிட்டால் விலகும் உரிமையே இல்லை. எதிரி வருவதற்கு முந்தைய தன் முறையிலேயே ஆட்டக்காரர் தீவைக் காலிசெய்ய வேண்டும். முழுப் போரையும் கணக்கிட்டு எடுக்கும் முடிவு அது. படை மிஞ்சும். ஆனால் போர்னியோ, ஜாவா போன்ற வருமானத் தீவுகளை விட்டுக்கொடுத்தால் அடுத்த முறை எதிரி அந்தப் பணத்தில் கப்பல் வாங்குவார்.

வரலாறும் இதையே காட்டுகிறது. 1943 பிப்ரவரியில் ஜப்பான் சாலமன் தீவுகளில் உள்ள குவாடல்கனாலிலிருந்து 10,000க்கும் மேற்பட்ட வீரர்களை இரவுகளில் மீட்டது. அதே ஆண்டு ஜூலையில் பனிமூட்டத்தின் மறைவில் அலாஸ்காவை ஒட்டிய கிஸ்கா தீவைக் காலிசெய்தது. ஆகஸ்டில் வந்திறங்கிய நேச நாட்டுப் படை கண்டது ஆளில்லாத் தீவு. பிலிப்பைன்ஸின் பட்டானில் நடந்தது வேறு. 1941 டிசம்பரில் அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் கரையோரத் தற்காப்பைக் கைவிட்டுப் படையைப் பட்டான் தீபகற்பத்துக்கு இழுத்தார். படை ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. உணவுக் கையிருப்பு போதிய அளவு போகவில்லை. ஜனவரியிலேயே அரை ரேஷன். 1942 ஏப்ரல் 9 அன்று சரணடைவு. இதில் தந்திரம் எங்கே இருக்கிறது?

அப்படியானால் ‘மூலோபாயப் பின்வாங்கல்’ போதாதா? பிழையில்லைதான், ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு அகராதி தேவைப்படும். ‘போர்நோக்குப் பின்வாங்கல்’, ‘களப் பின்வாங்கல்’ என்று இணையாக வைத்தால் பள்ளிப் பிள்ளைக்கும் வேறுபாடு தெரியும். சிலர் பரிந்துரைக்கும் ‘வியூகப் பின்வாங்கல்’ இன்னும் மோசம். வியூகம் படையின் அணிவகுப்பு. தேர்தல் செய்தி எழுதுபவர்கள் கூட்டணிப் பேச்சுக்கெல்லாம் அதை ஒட்டி ஒட்டி, எதையும் குறிக்காத சொல்லாக ஆக்கிவிட்டார்கள்.